‘அதே மருந்தைத் தொடரவும்’ என்று எத்தனை வருடம் எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். அஞ்சல் துறையில், ஆர்.எம்.எஸ். பிரிவில், 36 வருடம் தபால் பிரித்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவள். முதியோர் இல்லங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. சாப்பாடு சரியில்லை, கட்டணம் அதிகம், பிள்ளைகள் வந்து பார்ப்பதில்லை என்றெல்லாம் படிக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இல்லங்களுக்குள் இருக்கும் ஒரு சாராரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இளவயதிலேயே மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) வந்து, அதோடேயே வாழ்ந்து, இப்போது எழுபதைத் தொட்டவர்கள் அவர்கள். என் அண்ணனும் அதில் ஒருவர். அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மாட்டுப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். செங்குன்றம் தாண்டி உள்ள ஒரு தனியார் இல்லத்தில் 2019 நவம்பரிலிருந்து இருக்கிறார். டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அவர் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. உதடு குவிந்து விரிகிறது, நாக்கு வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போகிறது. “வாயில என்ன வெச்சிருக்கே அண்ணா?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லியே பாப்பா” என்று வாயைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஸ்பூன் கையில் நிற்கவில்லை, நான்தான் ஊட்டினேன். இல்லத்தில் இருந்த மேற்பார்வையாளர், “வயசாயிடுச்சில்லம்மா, பல்லு போனா இப்படித்தான் மெல்லுவாங்க” என்றார். நானும் நம்பிவிட்டேன். நான்கு மாதம் நம்பினேன். அதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

அண்ணனுக்கு நோய் வந்தது 1977-ல். வயது 24. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். பிறகு சாப்பாட்டில் விஷம் என்றார். அம்மா மந்திரித்துப் பார்த்தார், தாயத்து கட்டினார், கடைசியில் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனோம். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஒரு வசவு. 1794-ல் தொடங்கி 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்த அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. நாங்கள் அந்த வாசலில் நின்றவர்கள். அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளியைப் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு அனுப்பி, வெளிநோயாளியாக வரவழைத்து வைத்தியம் பார்க்க முடியும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அதனால்தான் என் அண்ணன் பத்து வாரத்தில் வீட்டுக்கு வந்தார்.

அதைச் சாத்தியமாக்கியது மாத்திரை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை 1952-ல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லும்படி ஒன்று இருந்ததில்லை. சில வருடத்தில் ஹாலோபெரிடால் வந்தது. அண்ணனுக்கு முதலில் குளோர்ப்ரோமசின், அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் ஊசி, அதற்கப்புறம் ஹாலோபெரிடால். அம்மா தினமும் ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். அண்ணன் மறுபடியும் வேலைக்குப் போனார். கல்யாணம் ஆகவில்லை, பதவி உயர்வு இல்லை, ஆனால் சம்பளக் கவரைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்.

1991-ல் ஒரு உறவினர் பேச்சைக் கேட்டு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினோம். “நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இந்த விஷம்?” என்றார் அவர். ஐந்தாவது வாரம் அண்ணன் தூங்குவதை நிறுத்தினார். ஆறாவது வாரம் காணாமல் போனார். ஒன்பது நாள் கழித்து கூடூர் ரயில் நிலையத்தில், காலில் செருப்பில்லாமல், ஒரு கிழிந்த சாக்கைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தவரைக் கூட்டிவந்தோம். மாத்திரை வேண்டாம் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது.

நான் சொல்ல வருவது வேறு. 38 வயது ஆளுக்குப் பொருந்திய அளவு 71 வயதுக்காரருக்குப் பொருந்துமா என்று யாராவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? வயதாக ஆக சிறுநீரகமும் கல்லீரலும் வேகம் குறைகின்றன. உள்ளே போன மருந்து வெளியேற நாளாகிறது. மூளையும் அதே மருந்தை முன்பு போலத் தாங்குவதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். மனநோய் மாத்திரையை மட்டும் கல்வெட்டு மாதிரி வைத்திருக்கிறோம்.

2009-ல் அம்மா போனபின் அண்ணன் என்னோடு இருந்தார். 2019-ல் எனக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. கணவரும் இல்லை, மகன் பெங்களூரில். வேறு வழி தெரியாமல்தான் இல்லத்தில் சேர்த்தேன். அப்போது அவர் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை 20 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடியும் பிடிப்பார். இல்லத்தில் பீடிக்கு அனுமதியில்லை. நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன். ஒரே மாதத்தில் அவர் எந்நேரமும் தூக்கம், எழுப்பினால் தள்ளாட்டம். ‘புது இடம், பழகிவிடும்’ என்றார்கள். எனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை ஐந்து வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பீடி, சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு ஓலன்சபினையும் குளோசபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தையும் சீக்கிரம் உடைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது, ரத்தத்தில் மருந்து ஏறிவிடுகிறது. அதாவது பீடியை நிறுத்திய அன்றிலிருந்து, அதே 20 மில்லிகிராம் அண்ணனுக்குக் கூடுதல் மருந்தாகிவிட்டது. சேர்க்கும்போது ‘புகை பிடிப்பாரா?’ என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிடித்தால் அபராதம் என்பதற்காக.

அதன்பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு ராத்திரி கத்தினார் என்று ஹாலோபெரிடால் 5 மில்லிகிராம், இரண்டு வேளை. அதனால் கை நடுங்கியது, உடம்பு கட்டை மாதிரி ஆனது. அதற்கு டிரைஹெக்சிஃபெனிடில், மூன்று வேளை. இல்லத்தில் இதற்குப் பெயர் ‘நடுக்க மாத்திரை’. அது மலச்சிக்கலைக் கொடுத்தது, மறதியைக் கொடுத்தது. மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை. மறதிக்கு ‘வயசு’ என்ற பதில். தூக்கத்துக்கு லோரசெபாம். ஓலன்சபினால் எடை கூடி, சர்க்கரை வந்து, அதற்கு மெட்ஃபார்மின் இரண்டு. ரத்தக் கொதிப்புக்கு ஒன்று. ஒரு நாள் எல்லாவற்றையும் வாங்கி எவர்சில்வர் தட்டில் வைத்து எண்ணினேன். 11 மாத்திரை. முந்தைய மாத்திரை செய்த சேட்டையை அடக்கவே பாதி மாத்திரைகள்.

2024 மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில், விடியற்காலை மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்துவிட்டார். இடுப்பு தப்பியது, வலது மணிக்கட்டு உடைந்தது. இந்த வகை மருந்துகள் உடம்பின் சூட்டைச் சமன்படுத்தும் வேலையைக் கெடுக்கும், நடுக்க மாத்திரை வியர்வையையும் குறைக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. மின்விசிறி மட்டும் உள்ள கூடத்தில் வியர்க்காமல் சூடாகப் படுத்திருந்த மனிதரை, ‘பாருங்க, வியர்வையே இல்லாம எவ்ளோ சுகமா தூங்குறார்’ என்று நானே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டுப் போட்டபின் ஒரு இளம் பெண் டாக்டர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பத்து நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், 138. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், 104. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிகிறது. விழுந்ததற்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, கையை முட்டியில் வைத்துச் சும்மா உட்காரச் சொன்னார். முகத்தையும் கால் விரலையும் பார்த்தபடி இருந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்று கேட்டார். இட்லி சிக்கி இரண்டு தடவை மூச்சு முட்டியது என்று கூட வந்த பையன் அப்போதுதான் சொன்னான். கடைசியாக என்னிடம், “இதெல்லாம் இதுக்கு முன்னாடி யாராவது பாத்திருக்காங்களாம்மா?” என்று கேட்டார்.

அந்த வாய் அசைவுக்குப் பெயர் டார்டிவ் டிஸ்கினீசியா. மூளையில் டோபமைன் என்ற பொருளை வருடக்கணக்காக மருந்து தடுத்து வைப்பதால் வரும் பின்விளைவு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் அதிகம் வரும். வயதானவர்களுக்கு இளையவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் குறைய வாய்ப்புண்டு, விட்டுவிட்டால் நிலைத்துவிடும். நடுக்க மாத்திரை இதற்கு உதவாது, அதிகப்படுத்தவும் செய்யும். பல் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இல்லத்திலிருந்து அண்ணனின் நோட்டை என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து புரட்டினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருவார். ஒன்றரை மணி நேரத்தில் 41 பேரைப் பார்ப்பார். தேதி, கீழே ‘சி.எஸ்.டி.’ என்று மூன்றெழுத்து, கையெழுத்து. நம் மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்த மூன்றெழுத்து தெரியும், அதே மருந்தைத் தொடரவும் என்று அர்த்தம். என் வேலைப் பழக்கம், எண்ணாமல் இருக்க முடியவில்லை. 49 இடத்தில் சி.எஸ்.டி. ஒரு இடத்தில்கூட எடை இல்லை. நின்றபடி எடுத்த ரத்த அழுத்தம் இல்லை. ‘வாய் அசைவு’ என்ற சொல் இல்லை. 49 மாதம் ஒரே விலாசத்துக்குத் தபால் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அங்கே ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல்.

அந்த டாக்டர் மனநலப் பிரிவில் பேசி, குறைக்கும் வேலை ஆரம்பமானது. ஏழு மாதம் ஆயிற்று. ஹாலோபெரிடால் பத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டரை என்று இறங்கி நின்றது. லோரசெபாமும் நடுக்க மாத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. அப்புறம் ஓலன்சபின். முதல் சில வாரம் வாய் அசைவு இன்னும் கூடியது. நான் பயந்துபோய் போன் செய்தேன், குறைக்கும்போது அப்படி ஆவதுண்டு, மறுபடி ஏற்ற வேண்டாம் என்றார்கள். நான்காவது மாதம் உண்மையிலேயே சிரமம் வந்தது. நான்கு ராத்திரி அண்ணன் தூங்கவில்லை, சுவரோடு சண்டை போட்டார். கூடூர் ஞாபகம் வந்து எனக்கும் தூக்கம் போயிற்று. அளவை அரைப் படி திரும்ப ஏற்றினார்கள், இரண்டு வாரத்தில் அடங்கியது. அதற்கப்புறம் இன்னும் மெதுவாக இறங்கினார்கள். இப்போது ஓலன்சபின் 10 மில்லிகிராம், ராத்திரி ஒரு வேளை. மனதுக்கு அது ஒன்றுதான். சர்க்கரை மாத்திரை பாதியாகியிருக்கிறது.

வாய் அசைவு முழுதாகப் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டம்ளரைத் தானே பிடிக்கிறார். பேப்பர் கேட்கிறார், உங்கள் நாளிதழைத்தான், ரயில்வே செய்தி எதுவும் விடமாட்டார். போன ஆடியில் நான் போனபோது, “பாப்பா, உன் முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்த அறுவை சிகிச்சையை அவர் விசாரித்த முதல் தடவை அது. குரல்கள் இன்னும் கேட்கின்றனவா என்று கேட்டேன். “கேக்குது. ஆனா அவங்களும் கிழவனாயிட்டாங்க, முன்ன மாதிரி கத்தறதில்ல” என்றார்.

இல்லத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஒரு இல்லத்தைக் குற்றம் சொல்லி இது தீராது. ராத்திரி ஏழரை மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள், 41 பேரும் உறங்கியிருப்பார்கள். எழுபது வயதுக்காரர்கள் ஏழரைக்கு உறங்குவது இயற்கையா? ராத்திரிப் பணியில் இருப்பது ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள். 41 பேரில் பத்துப் பேர் விழித்திருந்தாலும் அவர்களால் சமாளிக்க முடியாது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அண்ணனைக் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆள் போட வேண்டிய இடத்தில் மாத்திரையைப் போடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கடையில் வாங்கும் மாத்திரை அட்டையில் தமிழ் இல்லை. அந்தப் பெண்கள் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ‘வெள்ளை சின்னது ரெண்டு, மஞ்சள் ஒண்ணு.’ கடைக்காரர் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தால் நிறம் மாறிவிடும். அப்படி ஒரு வாரம் அண்ணனுக்கு ஒரே மருந்து இரண்டு நிறத்தில் இரண்டு தடவை போயிருக்கிறது. பின்கோடு ஒரு எண் மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் போவதைப் பார்த்தே வாழ்ந்தவள் நான். இப்போது அண்ணனின் ஒவ்வொரு டப்பாவிலும் தமிழிலும் ஒடியாவிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒடியாவை அந்தப் பெண்களே எழுதித் தந்தார்கள்.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னபோது அங்கே நடந்ததைச் சொன்னாள். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இந்த மருந்துகளைத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது, அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று 1987-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். முக்கியமாக மறதி நோய், அதாவது டிமென்ஷியா வந்தவர்களை அமைதிப்படுத்த இவற்றைக் கொடுப்பதைப் பற்றிய கவலை அது. அவர்களுக்கு இம்மருந்துகளால் மரணம் கூடுகிறது என்று 2005-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. எந்த இல்லம் எவ்வளவு பேருக்குக் கொடுக்கிறது என்று கணக்கெடுத்து வெளியிடவும் செய்தார்கள். ஆனால் மனச்சிதைவு உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு மருந்து தேவைதானே என்று. என்ன ஆயிற்று? மறதி நோய் வந்த பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் திடீரென்று ‘மனச்சிதைவு’ என்று எழுதிவிட்டு மருந்தைத் தொடர்ந்த இல்லங்கள் உண்டு. 2023-ல் அரசு அதைத் தணிக்கை செய்யப் போவதாக அறிவித்தது.

பொய்யாக எழுதியது பெரிய தப்பு. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. கணக்கில் சேர்க்காததால், உண்மையிலேயே மனச்சிதைவு உள்ளவருக்குக் கொடுக்கும் அளவு சரிதானா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் எழவே எழாது. அவர் ‘மருந்து தேவைப்படுகிறவர்’, அதோடு முடிந்தது. இங்கே நம் ஊரிலும் அண்ணனுக்கு நடந்தது அதுதான். ‘அவருக்கு அந்த வியாதிம்மா, மாத்திரை போட்டுத்தான் ஆகணும்’ என்ற ஒரு வரியில் எல்லாக் கேள்வியும் அடங்கிப்போயிற்று. ‘மனச்சிதைவு’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. ஜப்பானில் இப்படித்தான் மனம் பிளந்த நோய் என்ற பொருளில் இருந்த பெயரை, குடும்பத்தார் கேட்டதற்கு இணங்க 2002-ல் மாற்றினார்கள். நமக்கும் அப்படி ஒரு நல்ல சொல் வர வேண்டும். அதுவரை இருக்கும் சொல்லையே எழுதுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துக் கவனிக்கும் இடத்தை மனநல நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உண்டு என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது. பிரதிநிதியை நியமிக்க முத்திரைத் தாள்கூட வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அண்ணன் இடது கையால் போட்டுக் கொடுத்தார், வலது கையில் அப்போது கட்டுப் போட்டிருந்தது. கூடவே தனக்கு எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “நாக்கைக் கட்டிப்போடற மாத்திரை வேணாம். பேச்சுச் சத்தம் ரொம்ப வந்தா மட்டும் கூட்டச் சொல்லு. ராத்திரி ரயில் சத்தம் கேக்கற மாதிரி ஜன்னல் பக்கம் படுக்கணும்.” மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். மனநல மருந்து எடுத்துக்கொள்ளும் 60 வயதைத் தாண்டிய எவரும் ஒரு இல்லத்தில் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவருடைய மருந்துச் சீட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டும். அந்த டாக்டர் செய்த பத்து நிமிடப் பரிசோதனை, எடை, சர்க்கரை, சிறுநீரகச் சோதனை, ஒரு ஈ.சி.ஜி., அவ்வளவுதான். அளவைக் குறைக்க முடியாது என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். சி.எஸ்.டி. என்று எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பார்த்துவிட்டு எழுதட்டும் என்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கிண்டியில் 2024-ல் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்திருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும் சேர்ந்து இந்த இல்லங்களின் வாசலுக்கு வர ஒரு ஆணை போதும்.

என்னைப் போன்ற குடும்பத்தாருக்கும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இந்த நோயாளிகளைப் பார்க்க வருவது தங்கையோ தம்பியோதான், அப்பா அம்மா போயிருப்பார்கள். அடுத்த தடவை போகும்போது பழத்தோடு ஒரு சின்ன நோட்டும் கொண்டுபோங்கள். எல்லா மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது முகத்தையும் கையையும் இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள், டாக்டரிடம் அது நூறு வார்த்தைக்குச் சமம். பீடியை விட்டாரா என்று சொல்லுங்கள். மலம் எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள், குளோசபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம், ரத்த அணுச் சோதனையும் தவறக் கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள், பாதியாக உடைக்காதீர்கள். பக்கத்தில் கேட்க ஆளில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்.

அண்ணன் இன்னும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார். நிர்வாகி முதலில் கோபப்பட்டார், இப்போது மற்றவர்களின் நோட்டிலும் நின்றபடி எடுக்கும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறார். மாதாமாதம் வரும் டாக்டர் போன தடவை ஆறு பேரிடம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அவர்களில் இரண்டு பேருக்கு அண்ணனுக்கு இருந்ததே இருக்கிறது. ஒருவருக்கு வந்து பார்க்க யாரும் இல்லை, அவருடைய பெயரை என் நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வரும் 2-ஆவது ஞாயிறு அண்ணனுக்கு ஆறு மாதப் பரிசோதனை, அன்று அவருக்கும் சேர்த்துக் கேட்கப் போகிறேன்.

அண்ணனின் அந்தரங்கத்தை மதித்து என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
பெரம்பூர், சென்னை – 600 011.